ஆறு எண்கள்

களியக்காவிளையில் என் கடை.
வாசலில் நின்றால் ஃபோன்
கேரளத்துக்கு நல்வரவு சொல்லும்.
மேசைக்கு வந்தால் திரும்பிவிடும்.
டவர்களுக்கே இங்கே
ஊர் எதுவென்று சந்தேகம்.

திரை உடைந்தது, சார்ஜ் ஏறாதது,
மீன் தண்ணீரில் விழுந்தது,
எது வந்தாலும் முதலில் கேட்பேன்:
"லாக் என்ன?"
சொல்லிவிடுவார்கள்.
டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்வேன்,
இல்லை, ஒன்பது புள்ளி வைத்து ஒரு கோடு இழுப்பேன்.

இந்த ஊரின் பாதிப் பூட்டு
என் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.
மார்க்கெட் மேரிபுஷ்பம் வைத்திருந்தது
ஒரு வள்ளத்தின் பெயர்.
வள்ளம் இப்போது இல்லை என்பதை
வேறு யாரோதான் சொன்னார்கள்.
கணக்கு வாத்தியார் வைத்திருந்த பெயர்
அவர் வீட்டு ரேஷன் கார்டில் கிடையாது.
நான் எதையும் படிப்பதில்லை.
படித்தால் மறந்துவிடுவேன்.
சர்வீஸ் சார்ஜில் அதுவும் சேர்த்தி.

பளுகல் ஞானசிகாமணிக்கு மட்டும்
சீட்டே வேண்டாம்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு.
"மாத்துங்க அண்ணே."
"எனக்க கையில என்ன இருக்கு பிள்ளே,
ரப்பர் பாலும் கொசுக்கடியும்.
கள்ளன் வந்தா அவனுக்காக்கும் நஷ்டம்."

செக்போஸ்டில் கோழி லாரியை நிறுத்துவார்கள்.
தார்ப்பாயை விலக்கி டார்ச் அடிப்பார்கள்.
மாப்பிள்ளை வீட்டுக் காரானாலும்
டிக்கியைத் திறந்தாக வேண்டும்.
ஆறு எண்கள் தாண்டிப் போனதை
யாரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. பால் எடுத்து முடித்த நேரம்.
பேங்கிலிருந்து என்றான்.
கணக்கு முடங்கும் என்றான்.
முதலில் மலையாளம், அப்புறம் தமிழ்.
"ரண்டும் சுத்தமா இருந்து பிள்ளே.
நம்ம ஆளு ரண்டையும் கலந்துல்லா பேசுவான்."
அது பின்னால் தோன்றியது.
அப்போது காதில் விழுந்தது
அவன் அண்ணாச்சி என்று கூப்பிட்டது மட்டும்.
மெசேஜில் வந்த எண்ணைக்
கண்ணாடி இல்லாமல், கையை நீட்டிப் பிடித்து,
ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்திருக்கிறார்.
நடுவில் ஒன்று தப்பிப்போக,
அவனிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.
நாற்பத்தோராயிரம்.
மகளின் நர்சிங் ஃபீஸ்.

கடைக்கு வந்து
ஃபோனைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தார்.
"இதுக்க உள்ள எங்கயாக்கும் அவன் இருக்கான்?
திறந்து பாரு."
ஸ்க்ரூடிரைவர் என் கையில்தான் இருந்தது.

1930-க்கு அடித்தோம்.
பேங்கில் சொல்லி கார்டை நிறுத்தினோம்.
ஒன்பதாயிரம் நடுவழியில் மாட்டிக்கொண்டதாம்.
மிச்சத்துக்கு எந்த எல்லையும் குறுக்கே வரவில்லை.

பிறகு பூட்டை மாற்றச் சொன்னேன்.
ஃபோனை அவர் பக்கம் தள்ளிவிட்டு
சுவரைப் பார்த்து நின்றேன்.
"நீ பாத்தா என்ன? நீ வேற ஆளா?"
"வேற ஆளுதான் அண்ணே."
பேச்சில்லை.
அந்தச் சொல் அவருக்கு எங்கே பட்டதென்று
திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.
திரும்பினால் எண் தெரியும்.
கீபேடுக்குச் சத்தம் வைத்திருக்கிறார் மனுஷன்.
டிக்.
நெடுநேர யோசனை.
டிக்.
நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அன்றிரவு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன்.
சீட்டுகளைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தேன்.
வள்ளத்தின் பெயர் கடைசிவரை மிதந்தது.
பால்பாயிண்ட் மை, லேசில் போகாது.
லாக்கை நீங்களே போடவும் என்று
இரண்டு லிபியிலும் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் ஷட்டர் தூக்குமுன்பே
ஞானசிகாமணி நிற்கிறார்.
"மறந்து போச்சு பிள்ளே.
நீ எழுதி வச்சிருப்பியே?"
"இல்ல."
"ஒண்ணுகூடத் தெரியாதா?"
"ஒண்ணுகூட."
முதல் முறை பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார்.
பிறகு வெற்றிலைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

படியில் உட்கார்ந்து
காற்றில் விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார்.
மூன்றாவது எண் வரை வந்துவிட்டது போலிருக்கிறது.
வரட்டும்.
நான் ரோட்டைத் தாண்டி
கேரளத்தில் ஒரு சாயா குடிக்கப் போகிறேன்.